மாட்டுக்கு மட்டும் ஏன் சான்றிதழ்?

(மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் கூடிய வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உணவு உரிமை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். உணவு உரிமை என்றாலே மாட்டுக்கறி விருந்து, கும்பல் கொலை, அதற்கான கண்டனக் கூட்டம் என்றுதான் நம் பேச்சு போகும். அவை எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இன்று கொஞ்சம் சலிப்பான விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: உரிமம், சான்றிதழ், விதி, அரசாணை. பதினாறு ஆண்டுகளாகக் கீழமை நீதிமன்றங்களில் வழக்காடுகிறேன். அங்கே சாதி பெரும்பாலும் ஒரு படிவமாகவும் முத்திரையாகவும்தான் வருகிறது. "அனுமதி வாங்கினாயா?" என்ற கேள்வியாக வருகிறது. அதனால் அந்தக் கேள்வியை நாம் நன்றாகப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கேள்வி இதுதான். ஒருவர் தனக்குச் சொந்தமான ஒரு கால்நடையை, தன் இடத்தில், தன் வீட்டார் சாப்பிடுவதற்காக அறுக்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தக் கால்நடை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் எந்தக் கால்நடை என்று கேட்பது, பல நேரம் எந்தத் தெரு என்று கேட்பதுதான்.

ஒரே ஊராட்சியில் மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் மகளும் மருமகனும் வந்திருக்கிறார்கள், கோழி அறுக்கிறார்கள். இரண்டாவது வீட்டில் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை வெட்டி, பங்காளிகளைக் கூப்பிட்டுக் கறி விருந்து போடுகிறார்கள். மூன்றாவது வீடு காலனியில் இருக்கிறது. அங்கே ஏழெட்டுக் குடும்பங்கள் காசு போட்டு, உழவுக்கு ஆகாத ஒரு கிழட்டுக் காளையை வாங்கி, அறுத்து, கூறு போட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் இரண்டு வீடுகளுக்கும் பொருந்தும் சட்டங்களை முதலில் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், உணவுக்காக விலங்கைக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. தேவையற்ற வலியும் வேதனையும் தரக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அதே சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்கிறது. இதன் கீழ் 2001இல் வந்த இறைச்சிக்கூட விதிகள், உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அந்தக் கட்டாயம் நகராட்சி எல்லைகளுக்குள்தான்; கிராமத்துக்கு இல்லை.

அடுத்தது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். இது உணவுத் தொழிலுக்கான சட்டம். வீட்டில் சமைத்துச் சாப்பிடுவதைத் தொழில் என்று அது சொல்வதில்லை. விற்பனைக்கு அறுப்பவர்களில்கூட, நாளைக்கு இரண்டு பெரிய கால்நடை, அல்லது பத்து சிறிய கால்நடை, அல்லது ஐம்பது கோழி வரை அறுக்கும் சிறுதொழிலுக்கு 2011ஆம் ஆண்டு விதிகள் வெறும் பதிவை மட்டுமே கேட்கின்றன. முழு உரிமம் அதற்கு மேற்பட்டவர்களுக்குத்தான்.

இந்தச் சட்டங்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விற்கிறாயா, எத்தனை விற்கிறாயா, நகரத்திலா, வதைக்கிறாயா என்று கேட்கின்றன. இவை நியாயமான கேள்விகள். கோழி வீடும் கிடா வீடும் இவற்றைத் தாண்டிப் போய்விடுகின்றன.

மூன்றாவது வீட்டுக்கு வருவோம். அங்கே இன்னொரு சட்டம் காத்திருக்கிறது: 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். இந்தச் சட்டத்தில் "விலங்கு" என்றால் ஆடு வராது, பன்றி வராது, கோழி வராது. காளை, எருது, பசு, கன்று, எருமை, இவ்வளவுதான். இவற்றில் எதையும் தகுந்த அதிகாரியின் எழுத்துப்பூர்வமான சான்றிதழ் இல்லாமல் அறுக்கக் கூடாது. அந்தச் சான்றிதழை எப்போது தரலாம்? விலங்குக்குப் பத்து வயது கடந்திருக்க வேண்டும், அதோடு உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாததாக இருக்க வேண்டும். அல்லது காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதற்கு மேல் 1976 ஆகஸ்ட் 30ஆம் தேதி ஓர் அரசாணை வந்தது. நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மாநிலத்தின் இறைச்சிக்கூடங்களில் பசுவையும் கிடாரியையும் அறுக்கத் தடை என்றது அந்த ஆணை. அதன் பிறகு திராவிடக் கட்சிகள் மாறி மாறி ஆண்டும் அந்த ஆணை நிற்கிறது. பெரியார் மண் என்று மேடையில் சொல்கிறோம். இந்தக் கோப்பையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும், தோழர்களே.

1958 சட்டத்தின் இந்த நிபந்தனையில் "விற்பனைக்கு", "வீட்டுக்கு" என்ற பிரிவினையே இல்லை. நூறு மாடு அறுக்கும் ஏற்றுமதிக்காரருக்கும், வருடத்தில் ஒருமுறை கூறு போடும் தெருவுக்கும் ஒரே சான்றிதழ்தான். ஏற்றுமதிக்காரரிடம் கணக்கரும் வழக்கறிஞரும் சொந்த மருத்துவரும் இருப்பார்கள். காலனித் தெருவில் யார் இருக்கிறார்கள்? கால்நடை மருந்தகம் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மருத்துவர் வாரத்தில் சில நாள் வேறு ஊரையும் சேர்த்துப் பார்ப்பார். சினை ஊசிக்கும் தடுப்பூசிக்கும் அவரைத் தேடிப் போகலாம். "அறுக்கச் சான்றிதழ் கொடுங்கள் ஐயா" என்று காலனிக்காரர் போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். வாங்க முடியாத ஒரு தாளை வாங்கு என்று சொல்வது, ஒரு மொத்தத் தெருவையே எப்போதும் குற்றவாளியாக வைத்திருக்கும் ஏற்பாடு.

நான் நடத்திய வழக்கு ஒன்று உண்டு. ஊர்ப் பெயரும் காவல் நிலையப் பெயரும் வேண்டாம். மாட்டுப் பொங்கல் கழிந்து சில நாளில் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு காளையை வாங்கினார்கள். விற்றவர் ஊர்த் தெருக்காரர். பின்னங்கால் நொண்டிய காளை, வண்டிக்கும் ஆகவில்லை, ஏருக்கும் ஆகவில்லை. வைக்கோல் போட்டுக் கட்டாது என்று அவரே காலனிக்கு ஆள் அனுப்பி விலை பேசினார். அறுத்துக் கூறு போட்டு முடிப்பதற்குள் காவலர்கள் வந்தார்கள். கறியையும் கத்தியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று பேர் மீது வழக்கு. அவர்களில் ஒருவர் கல்லூரி மாணவர், இலை எடுத்துக் கொடுக்க வந்தவர்.

விசாரணையில் அந்த அரசு மருத்துவர் நேர்மையாகச் சாட்சி சொன்னார். காலையும் பல்லையும் பார்த்திருந்தால் அந்தக் காளைக்குச் சான்றிதழ் கொடுத்திருப்பேன் என்றார். அதாவது, சட்டம் அனுமதிக்கும் மாடு, சட்டம் அனுமதிக்கும் நிலை, இல்லாதது தாள் ஒன்றுதான். நான்கு ஆண்டு வாய்தாவுக்குப் பிறகு மூவரும் விடுதலை ஆனார்கள். அதற்குள் அந்தப் பையனின் காவலர் தேர்வு விண்ணப்பம், நிலுவையில் ஒரு வழக்கு இருக்கிறது என்ற காரணத்தால் நின்று போயிருந்தது. மாட்டை விற்றவரை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள். அவை அத்தனைக்கும் ஒருநாள் வயதாகும். பால் வற்றிய பசுவை, உழவு போன காளையை வைத்துத் தீவனம் போட எந்தச் சிறு விவசாயியாலும் முடியாது. சந்தைக்கு ஓட்டிப் போய் விற்கிறார். பொள்ளாச்சிச் சந்தையில் ஏறும் மாடு கேரளாவில் கறியாகிறது என்பது விற்பவருக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். விற்ற காசில் அடுத்த கன்று வாங்குகிறார். அதில் தவறும் இல்லை. ஆனால் வரவு ஒரு பக்கம் நிற்க, "பாவம்" இன்னொரு பக்கம் போகிறது, வழக்கும் அந்தப் பக்கமே போகிறது. வாங்கியவர், ஓட்டிச் சென்றவர், அறுத்தவர், தோலை உரித்தவர், தின்றவர் என்று எல்லாக் கண்ணிகளிலும் தலித்துகளும் முஸ்லிம்களும்தான். இந்தத் தொழில் சங்கிலியில் சட்டம் எந்த முனையைப் பிடிக்கிறது என்று பாருங்கள், சாதி தெரியும்.

"எல்லா நாட்டிலும் இறைச்சிக்குக் கட்டுப்பாடு இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அவற்றையும் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1906இல் வந்த கூட்டாட்சி இறைச்சிச் சோதனைச் சட்டம் கடுமையானது. விற்பனைக்கு வரும் இறைச்சிக்கு அரசுச் சோதனை கட்டாயம். ஆனால் தான் வளர்த்த கால்நடையைத் தன் வீட்டார், காசு தராத விருந்தினர், தன்னிடம் வேலை செய்பவர்கள் சாப்பிட அறுத்துக்கொண்டால் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு. அறுத்துக் கொடுக்கும் கடைக்காரரிடம் கொண்டு போனாலும் அப்படித்தான். பொட்டலத்தின் மேல் "விற்பனைக்கு இல்லை" என்று முத்திரை குத்தித் தர வேண்டும்.

இங்கிலாந்தில் தன் சொந்தக் கால்நடையைத் தன் இடத்திலேயே தனக்கும் தன் குடும்பத்துக்கும் அறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை விற்கக் கூடாது, வெளியாருக்குக் கொடுக்கவும் கூடாது. தவிர்க்கக்கூடிய வலியைத் தரக் கூடாது. மாடு என்றால், பித்தமாட்டு நோய்க்குப் பிறகு வந்த விதிப்படி மூளை, தண்டுவடம் போன்ற பகுதிகளை ஒதுக்கிவிட வேண்டும்.

ஜெர்மனி இன்னும் கண்டிப்பு. வீட்டுக்காகப் பன்றி அறுத்தாலும் அதிகாரப்பூர்வச் சோதனை உண்டு. பன்றிக்கறியில் வரும் ஒருவகைப் புழு மனிதருக்கு ஆபத்து என்பதுதான் காரணம்.

இந்த மூன்று நாடுகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. ஆனால் கேட்கும் கேள்விகள் ஒரே வகையானவை. விற்பனையா, வீடா? விலங்கு வதைபடுகிறதா? தின்பவருக்கு நோய் வருமா? நம் 1958 சட்டத்தின் சான்றிதழ் நிபந்தனையை மறுபடி படியுங்கள். தின்பவரின் உடல்நலம் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறதா? சாகும் மாட்டின் வலி பற்றி இருக்கிறதா? வயது என்ன, இன்னும் உழைக்குமா, இன்னும் ஈனுமா என்பதுதான் கேள்வி. இன்னும் சொன்னால், தீராத நோய் வந்த மாட்டை அறுக்கச் சான்றிதழ் தரலாம், ஆரோக்கியமான ஐந்து வயது எருமைக் கிடாவுக்குத் தரக் கூடாது! உணவு பற்றிக் கவலைப்படும் சட்டம் இப்படி எழுதப்பட்டிருக்காது.

இது எங்கிருந்து வந்தது? அரசமைப்புச் சட்டத்தின் 48ஆவது பிரிவிலிருந்து வந்தது. விவசாயத்தையும் கால்நடை வளர்ப்பையும் நவீன அறிவியல் முறையில் ஒழுங்குபடுத்துவது என்று தொடங்கும் அந்தப் பிரிவு, பசு, கன்று, பிற கறவை, இழுவை மாடுகளை அறுப்பதைத் தடை செய்வது என்று முடிகிறது. பசுவின் புனிதத்தை நேரடியாக எழுத முடியாதபோது பொருளாதார மொழியில் எழுதினார்கள். 1958இல் முகமது ஹனீஃப் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் பசுவதைத் தடையை ஏற்றுக்கொண்டது. ஆனால் பயன் முடிந்த காளைகளையும் எருமைகளையும் அறுக்க முழுத் தடை போடுவது நியாயமற்றது என்றது. 2005இல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தக் கடைசிக் கதவையும் சாத்தியது. சாணமும் மூத்திரமும் இருக்கும்வரை எந்த மாடும் பயனற்றதாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. டிராக்டர் வந்தாகிவிட்டது, இழுவை மாடு போய்விட்டது. ஆனாலும் வாதம் மட்டும் போகவில்லை. ஏனென்றால் அது தொடக்கத்திலிருந்தே உழவு பற்றிய வாதமாக இருந்ததில்லை.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட "தீண்டப்படாதோர்" நூலில் மாட்டிறைச்சியையும் தீண்டாமையையும் இணைத்து ஆராய்ந்தார். பார்ப்பனர்கள் ஒரு காலத்தில் மாட்டிறைச்சி தின்றவர்களே. பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அதைக் கைவிட்டு, பசுவைப் புனிதமாக்கினார்கள். தொடர்ந்து தின்ற உதிரி மக்கள் தீண்டப்படாதோர் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் முன்வைத்த கருத்து. அதே அம்பேத்கர்தான் 1927இல் மகாடில், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னவர். இரண்டும் முரண் இல்லை. செத்த மாட்டைச் சுமக்க வைத்து, அதன் கறியைக் கூலியாகத் தருவது அடிமைத்தனம். நல்ல மாட்டை வாங்கி, சுத்தமாக அறுத்து, மரியாதையாகச் சாப்பிடுவது உரிமை. சாதி நம்மை முதலாவதில் தள்ளியது. சட்டம் இரண்டாவதைத் தடுக்கிறது.

ஒப்பீட்டுக்கு ஒரு சம்பவம். 1950ஆம் ஆண்டு முதலே தமிழ்நாட்டில் கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது, தூங்கிக்கொண்டு. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைத் தூசி தட்டி நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. ஊர்த் தெருவின் குலசாமிகளுக்கு, கிடா வெட்டுக்கு, கறி விருந்துக்குத் தடை. எதிர்ப்பு கிளம்பியது. மார்க்சிஸ்டுகளும் பெரியாரியர்களும்கூட நாட்டார் வழிபாட்டு உரிமை என்று பேசினார்கள். 2004இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. நல்லதுதான், நாமும் அதை வரவேற்றோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரின் ஆட்டைத் தொட்ட ஆணை சில மாதங்கள்தான் நின்றது. சேரியின் மாட்டைத் தொட்ட 1976 ஆணை அரை நூற்றாண்டாக நிற்கிறது.

"தமிழ்நாட்டில் யார் மாட்டுக்கறியைத் தடுக்கிறார்கள், கடை கடையாக பிரியாணி விற்கிறதே" என்பார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்றான மாட்டுக்கறிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை. எதிர்ப்பு வந்தது, மழை என்று காரணம் சொல்லித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடுதானே என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. விற்பது சட்டப்படி சரி, ஆனால் அரசின் பந்தலில் அதற்கு இலை கிடையாது. இதே மனநிலைதான் மருந்தகத்தில் சான்றிதழ் கேட்கும்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

அந்த மனநிலைக்கு அதிகாரம் கூடினால் என்ன ஆகும் என்பதை வடக்கே பார்த்தோம். 2002 அக்டோபரில் ஹரியானாவின் துலினாவில், மாட்டுத் தோல் தொழிலில் இருந்த ஐந்து தலித்துகளைக் காவல் சாவடி அருகிலேயே கும்பல் அடித்துக் கொன்றது. 2015 செப்டம்பரில் தாத்ரியில் முகமது அக்லாக்கை அவர் வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள். கொன்ற பிறகு, இறைச்சியை ஆய்வகத்துக்கு அனுப்பி அது ஆடா மாடா என்று பார்த்தார்கள். ஒரு மனிதனின் வீட்டுக் குளிர்பெட்டி அவன் கொலை வழக்கில் தடயமானது. 2016 ஜூலையில் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். "இந்தச் சமையல் சட்டவிரோதம்" என்று எழுதி வைத்த தாள்தான் கும்பலுக்குத் தைரியம் கொடுக்கிறது. தாங்கள் சட்டத்துக்கு உதவுவதாகவே அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

நீதிமன்றங்களில் நமக்குப் பிடிமானம் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிராவில் வெளிமாநிலத்தில் அறுத்த மாட்டிறைச்சியை வீட்டில் வைத்திருப்பதையே குற்றமாக்கிய பிரிவை, 2016 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டுக்குள் ஒருவர் விரும்பியதைச் சாப்பிடுவது அந்தரங்க உரிமை என்றது. அறுப்புத் தடையை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் அறுப்புக்காக மாடு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது, முதலில் இடைக்காலத் தடை விதித்தது நம் மதுரைக் கிளைதான். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வீட்டு அறுப்பு பற்றிய நம் வாதத்தை இங்கிருந்து கட்டலாம். தின்பது அந்தரங்க உரிமை, ஆனால் தின்பதற்கான ஒரே வழி குற்றம் என்றால் அந்த உரிமைக்கு என்ன அர்த்தம்?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எந்த விதியுமே வேண்டாம் என்று நாம் கேட்கக் கூடாது. அடைப்பான் நோய் வந்த மாட்டைத் தொட்டாலே ஆபத்து, தின்றால் உயிருக்கே ஆபத்து. அந்த ஆபத்தில் முதலில் இருப்பதும் அறுக்கிற, உரிக்கிற நம் ஆட்கள்தான். காசநோயும் கருச்சிதைவு நோயும் மாட்டிலிருந்து மனிதருக்கு வரும். சோதனை கேட்பது நம் பக்கத்துக் கோரிக்கை. மருத்துவர் வந்து பார்க்கட்டும், பார்க்க வேண்டிய விஷயத்தைப் பார்க்கட்டும் என்கிறோம். விலங்கின் வலி பற்றிய கேள்வியையும் நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒளித்து மறைத்து, அவசரமாக, இருட்டில் அறுக்க வைப்பதுதான் மாட்டுக்கும் கூடுதல் வதை.

இன்னொரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் விலக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் நமக்கு உதவாது. அங்கே வீடு என்றால் ஒரு குடும்பம், ஒரு உறைபெட்டி. இங்கே ஒரு காளையின் கறியை ஒரு குடும்பம் தின்று முடிக்க முடியாது; உப்புக்கண்டம் போட்டாலும் மிஞ்சும். அதை வாங்கும் காசும் ஒரு வீட்டில் இருக்காது. அதனால்தான் நம் மக்கள் கூறு என்ற முறையைக் கண்டார்கள். எல்லாக் கூறிலும் எலும்பு, கொழுப்பு, ஈரல், குடல் எல்லாம் சமமாக விழும். காசு இல்லாத வீட்டுக்கும் கடனுக்கு ஒரு கூறு போகும். இது வணிகம் இல்லை. ஒரு தெருவே ஒரு வீடாகச் சாப்பிடும் முறை. "வீட்டு உபயோகம்" என்று சட்டத்தில் எழுதும்போது இந்தத் தெருவையும் வீடு என்று எழுத வேண்டும். இல்லையென்றால் நாளை "நீ பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாய், அது விற்பனை" என்று புது வழக்கு வரும்.

ஆகவே நம் கோரிக்கைகளை இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, 1976 அரசாணையைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. சென்னையில் ஒரு கையெழுத்து போதும். இரண்டு, 1958 சட்டத்தின் வயது, உழைப்பு நிபந்தனைகளை நீக்கி, சான்றிதழை நோய்ச் சோதனையாக மாற்ற வேண்டும். மூன்று, லாபமில்லாமல் கூறு போட்டுக்கொள்ளும் வீட்டு அறுப்பைத் தனி வகையாக எழுதி, சிறைத் தண்டனையிலிருந்து விலக்க வேண்டும். நான்கு, ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் இதற்கு ஒரு நாள் குறிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை அன்றே எழுதித் தர வேண்டும். ஐந்து, தண்ணீரும் வடிகாலும் உள்ள சிறு இறைச்சிக்கூடம் ஒன்றியம்தோறும் வேண்டும், அதையும் காலனி ஓரத்தில் கொண்டுபோய்த் தள்ளக் கூடாது.

ஆறாவதாக ஒன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், தலித்துகளைச் செத்த விலங்கைச் சுமக்கக் கட்டாயப்படுத்துவதை வன்கொடுமை என்கிறது. நல்ல திருத்தம். அதே போல, சாதியின் பேரால் ஒருவரின் சமையலுக்குள் புகுந்து கறியைப் பறிப்பதும் வன்கொடுமை என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்களில் பலருக்குச் சொந்த ஊர் ஏதோ ஒரு ஒன்றியத்தில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். மூன்று கேள்விகள்: எங்கள் ஒன்றியத்தில் 1958 சட்டப்படி சான்றிதழ் தரும் அதிகாரி யார்? கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை சான்றிதழ் கேட்கப்பட்டது, எத்தனை தரப்பட்டது? அதே ஐந்து ஆண்டுகளில் சான்றிதழ் இல்லை என்று எத்தனை பேர் மீது வழக்குப் பதிவானது, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்?

வருகிற பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த எண்களோடு சட்டமன்ற உறுப்பினரிடம் போவோம், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கும் போவோம். மனு எழுத உதவி வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருக்கிறேன், வாருங்கள்.

ஜெய்பீம்.